தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 சமயமும் இலக்கியமும் வல்ல அறிஞர் பலர் ஏறிய மேடை இது. பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் மாணவனாகிய எனக்கு அவர்களோடு ஒத்து நிற்கும் தகுதி இல்லை. ஆயினும் நமது காரியதரிசி அவர்கள், "நீ படிக்கும் உயிரியலிலிருந்து நம் வீடுகளுக்கு உதவக்கூடிய ஒன்றைச் சொல்லு" என்று பணித்தார்கள். அப்பணியைத் தலைமேற் கொண்டு, தலையில் அடிபட்ட ஒருவரின் குருதிக்கும் குருதிக் குழாய்களுக்கும் யாது நேர்கின்றது என்பது பற்றிச் சில கூற நிற்கின்றேன். நான் வைத்தியனல்லன். கற்றதைக் கூறும் மாணவனே. குற்றம் காணின் பெரியோர் பொறுத்தருள்க.

தலையில் அடிபட்டு ஒருவர் இறந்துவிட்டால், "அது அவருடைய தலையெழுத்து" என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்வது நம்மவர் வழக்கம். ஊழை மறுக்க நான் வரவில்லை. முதல் அடி எவர் தலையில், எந்த நாழிகையில் விழும் என்பது நம் கையில் இல்லாதிருக்கலாம். ஆனால், அடி விழுந்த பின் வருகின்ற சில மணித்தியாலங்கள் பெரும்பாலும் நம் கையில் உள்ளவை. அந்த மணித்தியாலங்களையும் ஊழின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

இக்கேள்வி புத்தகத்திலிருந்து எனக்குக் கிடைத்ததன்று. எங்கள் வீட்டுக் கிணற்றடியிலிருந்து கிடைத்தது.

நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலம். என் பாட்டனார் இருதய நோய்க்காக, குருதி உறைதலைக் குறைக்கும் வார்பரின் என்னும் மாத்திரையை நாள்தோறும் உண்டு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கோயிலுக்குப் போவதற்காகக் குளிக்கச் சென்றவர், பாசி வழுக்கிக் கிணற்றுக்கட்டில் தலை மோத விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினோம். தலையிற் கட்டியிருந்த துவாயைக் கழற்றிப் பார்த்தபோது சிறு வீக்கமே தெரிந்தது, குருதி சிந்தவில்லை. "ஒன்றுமில்லைத் தம்பி, பயப்படாதே" என்று அவரே எனக்குத் தைரியம் சொன்னார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று அம்மம்மா கோயிலை நோக்கிக் கைகூப்பினார். பாட்டனார் திருநீறு அணிந்து, கோயிலுக்கும் நடந்து போய் வந்தார். நண்பகலில் தலையிடி என்றார். வெயிற்சூடு என்று எண்ணினோம். நான் அலுமாரியைத் திறந்து, அங்கிருந்த அஸ்பிரின் மாத்திரை இரண்டை எடுத்துத் தண்ணீரோடு கொடுத்தேன். மாலையில் சத்தி எடுத்தார். பின் தூக்கம் வருகின்றதென்று படுத்தார். களைப்பு, உறங்கட்டும் என்று விளக்கை அணைத்தோம். விடிந்தபோது எழுப்ப முடியவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம்; காலம் கடந்துவிட்டது.

சபையோரே! அன்று நடந்தவற்றுள் எதுவும் அன்பின்மையால் நடந்ததன்று. எல்லாம் அறியாமையால் நடந்தவை. அந்த மாத்திரையைக் கொடுத்த கை இந்தக் கைதான். ஆதலினாலேதான், மண்டையோட்டுக்குள்ளே அன்று நடந்தது யாது என்பதைக் கற்றறிய வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று. கற்றதை இங்கே சொல்லவும் துணிந்தேன்.

முதலில் மூளையின் குருதி வழிகளைப் பார்ப்போம். வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1400 கிராம் நிறையுள்ளது. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு மாத்திரமே. ஆயினும் இருதயம் வெளியேற்றும் குருதியில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை மூளைக்கே செல்கின்றது. மூளையிலுள்ள குருதிக் குழாய்களை நூல்போல ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வரும் என மதிப்பிடுவர். பருத்தித்துறை முனையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இத்தீவின் நீளம் 440 கிலோமீற்றருக்கும் குறைவே. இத்தீவை விட நீண்டதொரு நீர்ப்பாய்ச்சல் ஒழுங்கை இரண்டு கைகளுக்குள் அடங்கும் உறுப்பொன்றினுள் இறைவன் அமைத்திருக்கின்றான்.

இக்குழாய்கள் எல்லாவற்றின் உட்புறத்தையும் மூடி, ஒரேயொரு கலத்தின் தடிப்பேயுள்ள ஒரு படை உண்டு. அதனை அகவணி என்பர். நம் வீட்டு முற்றத்தைச் சாணமிட்டு மெழுகுவது போல, குழாயின் உட்சுவரை மெழுகியிருப்பது இவ்வகவணி. நெடுங்காலம் இது வெறும் மெழுக்கே என்று எண்ணப்பட்டது. இன்று அவ்வெண்ணம் மாறிவிட்டது. அகவணி ஓயாது தொழில் செய்யும் ஓர் உறுப்பு. குருதியிலுள்ள சிறுதட்டுக்கள் சுவரில் ஒட்டாதிருப்பதற்கான பொருள்களை அது சுரந்தவண்ணம் இருக்கின்றது. அவற்றுள் ஒன்றாகிய புரொஸ்ரசைக்கிளின் 1976 இல் கண்டறியப்பட்டது. குழாய் விரிந்து கொடுப்பதற்கான நைத்திரிக் ஒட்சைட்டையும் அதுவே உண்டாக்குகின்றது. அந்த ஆராய்ச்சிக்கு 1998 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தேவையற்ற இடத்தில் குருதி உறைந்தால் அவ்வுறைவைக் கரைக்கும் வேலையைத் தொடக்கி வைப்பதும் அகவணியே. அதன் மேற்புறத்தில் வெல்லப் பொருள்களாலான மென்மையான பூச்சொன்றும் உண்டு. குருதி வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு அப்பூச்சும் உதவுகின்றது.

மூளையின் அகவணிக்கு இன்னுமொரு சிறப்பு உண்டு. ஜேர்மனிய விஞ்ஞானி போல் ஏர்லிக், 1885 இல், விலங்குகளின் குருதியிற் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். உடலின் மற்றை உறுப்புகள் எல்லாம் சாயம் பற்றின. மூளை மாத்திரம் வெண்மையாகவே இருந்தது. மூளைக் குழாய்களின் அகவணிக் கலங்கள் ஒன்றோடொன்று நெருங்கப் பிணைந்து, குருதியில் உள்ளவை எல்லாம் மூளையினுள் நுழையாதவாறு தடுக்கின்றன என்பது பின்னர் விளங்கிற்று. கோயில் மூலத்தானத்து வாயில் போன்றது அது. உட்செல்லும் உரிமையுடையதே உட்செல்லும்.

இக்காவல் ஏன் இத்துணை அவசியம்? இங்கேதான் வியப்பான செய்தி ஒன்று இருக்கின்றது. குருதியை உறையச் செய்யும் பொருள்களுள் மிகவும் வலிமை வாய்ந்த ஒன்று நமது மூளையின் இழையத்திலேயே நிறைந்திருக்கின்றது. இழையக் காரணி என்பது அதன் பெயர். 1834 இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த டி பிளேன்வில் என்னும் அறிஞர், மூளைப் பொருளை எடுத்து விலங்குகளின் நாளத்தினுட் செலுத்தினார். அவை உடனே இறந்தன; அவற்றின் குழாய்களில் குருதி உறைந்து கிடந்தது. நூறாண்டு கழித்து, 1935 இல், அமெரிக்க வைத்தியர் ஆர்மண்ட் குவிக், குருதி உறைய எடுக்கும் நேரத்தை அளக்க ஒரு பரிசோதனையை வகுத்தார். குருதியை உறைய வைப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் முயலின் மூளைச் சாறு. வார்பரின் உண்பவர்கள் கிளினிக்கிற் செய்துகொள்ளும் ஐ.என்.ஆர். பரிசோதனை அந்தப் பரிசோதனையின் வழிவந்ததே. என் பாட்டனார் மாதந்தோறும் அதற்காகக் கையை நீட்டியவர். மூளைக்கும் குருதி உறைதலுக்கும் உள்ள இவ்வுறவை அன்று நானும் அறியேன், அவரும் அறியார்.

பால் ஒரு பானையிலும் உறைமோர் ஒரு பானையிலும் இருக்கும்வரை பால் பாலாகவே இருக்கும். இடையிலுள்ள சுவர் உடைந்து இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குருதி பால் எனின், மூளை உறைமோர். இடையிலுள்ள சுவரே அகவணி.

தலை கல்லில் மோதும்போது மண்டையோடு நின்றுவிடுகின்றது. உள்ளே மூளை அசைந்து இழுபடுகின்றது. நுண்ணிய குழாய்கள் கிழிகின்றன. கிழியாத குழாய்களிலும் அகவணி சிதைகின்றது. மூளையும் குருதியும் கலக்கின்றன. உடனே துரொம்பின் என்னும் நொதியம் தோன்றிப் பைபிரின் நூல்களைப் பின்னுகின்றது. சிறுதட்டுக்கள் திரண்டு வருகின்றன. காயத்தின் வாயை அடைப்பதற்கு இயற்கை செய்யும் ஏற்பாடு இது. சிறு காயமாயின் அது போதும். பெருங் காயமாயின் அவ்வேற்பாடு அளவு கடந்துவிடுகின்றது. அடிபட்ட இடத்தில் மாத்திரமன்றி, அப்பாலுள்ள நுண்குழாய்களிலும் சிறு உறைவுகள் உண்டாகி, காயப்படாத பகுதிக்கும் பிராணவாயு செல்லாது தடுக்கின்றன. அதிர்ச்சியினால் உடலெங்கும் பெருகும் அதிரினலின் போன்ற சுரப்புகள், தொலைவிலுள்ள குழாய்களின் மென்பூச்சையும் அரித்துவிடுகின்றன. அடி தலையில் விழுந்தது. நோயோ உடல் முழுவதற்கும் ஆயிற்று.

இதன் பின் வருவதே பெரிய ஆபத்து. அன்னதானத்தில் முதற் பந்தியிலேயே சோறு முழுவதையும் வாரி இறைத்துவிட்டால், இரண்டாம் பந்திக்கு வந்தவர் வெறும் இலையோடு எழவேண்டியதுதான். அதுபோல, உறைதற்கான பொருள்கள் தொடக்கத்திலேயே செலவாகிவிட்டால், பின்னர்க் குருதி கசியும் இடங்களை அடைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. எஞ்சிய சிறுதட்டுக்களும் சோர்ந்து, அழைத்தாலும் வாரா. இவ்வளவிலும் நில்லாமல், உறைவைக் கரைக்கும் பிளாஸ்மின் என்னும் நொதியம் மிகுந்து, கட்டிய அணையையே உடைக்கத் தொடங்குகின்றது. உறையக்கூடாத இடத்தில் உறைந்த குருதி, உறையவேண்டிய இடத்தில் உறையாமற் போகின்றது. 1974 இல் அமெரிக்க வைத்தியர் குட்நைற்றும் அவர் குழுவினரும், மூளை சிதைந்த நோயாளிகளிடத்தில் பைபிரின் ஆக்கும் பொருள் இவ்வாறு தேய்ந்து போதலை எடுத்துக் காட்டினர். தலையில் கடுங்காயம் அடைந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உறைதற் கோளாறு காணப்படுகின்றது என்பதும், அக்கோளாறு உள்ளோரே மிகுதியாக இறக்கின்றனர் என்பதும் பின்வந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயின.

காலிலோ கையிலோ குருதி கசிந்தால் வீக்கம் வெளியே தெரியும். தோல் விரிந்து இடங்கொடுக்கும். மண்டையோடோ மூடிய பானை, விரிந்து கொடாது. உள்ளே கசியும் ஒவ்வொரு துளிக்கும் இடம் வேண்டும். அவ்விடத்தை மூளையைப் பிதுக்கியே பெறவேண்டும். காவல் உடைந்த குழாய்களிலிருந்து நீர் கசிந்து மூளையும் வீங்குகின்றது. முதுமையில் மூளை சிறிது சுருங்குவதால், அதற்கும் ஓட்டுக்கும் இடையே செல்லும் நாளங்கள் இழுபட்டு நிற்கும்; சிறிய அடிக்கும் அவை கிழிந்துவிடும். அதன் மேல் வார்பரின் உறைதலைத் தளர்த்தியிருக்க, அஸ்பிரின் சிறுதட்டுக்களின் கையையும் கட்டிவிட்டால், கசிவை நிறுத்த யார் இருக்கின்றார்? என் பாட்டனாருக்கு நேர்ந்தது இதுவே.

"அவர் எழுந்து நடந்தாரே, பேசினாரே, கோயிலுக்கும் போனாரே" என்று நீங்கள் கேட்கலாம். 1975 இல் ஸ்கொத்துலாந்தின் கிளாஸ்கோ நகர வைத்தியர்கள் இதே கேள்வியை ஆராய்ந்தனர். தலையில் அடிபட்டபின் நன்றாகப் பேசியிருந்து, பின்னர் இறந்தோரைப் பற்றி அவர்கள் தனியே ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுட் பெரும்பாலோரின் மண்டையோட்டுக்குள் குருதித் திரட்சி காணப்பட்டது. பேசக்கூடிய மனிதனின் மூளை முதல் அடியில் அழிந்துவிடவில்லை என்பது தெளிவு. அவனை வீழ்த்தியது பின்னர் நடந்தது. பின்னர் நடப்பதைத் தடுக்க வழி உண்டு. ஆதலின், பேசுகின்றானே என்று ஆறுதல் கொள்வதை விட்டு, பேசும்போதே கொண்டு செல்லுதல் வேண்டும்.

தடுக்கும் வழிகளுள் ஒன்றின் வரலாற்றைக் கேளுங்கள். யப்பான் நாட்டில் உதாக்கோ ஒக்கமோட்டோ என்னும் பெண்மணி 1918 இற் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின் பின் யப்பான் வறுமையுற்றிருந்த காலம். ஆராய்ச்சிக்குப் பொருள் இல்லை. அவரும் அவர் கணவரும் குருதியை ஆராய்வதென்று தீர்மானித்தனர். அதற்குச் சொன்ன காரணம், வேறொன்றும் கிடையாவிடினும் தம் குருதியையேனும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால் மகளை முதுகிற் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். பிள்ளைப்பேற்றின்பின் குருதிப் பெருக்கால் இறக்கும் தாய்மாரைக் காக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1962 இல் அவ்விருவரும் ரனெக்சமிக் அமிலம் என்னும் மருந்தை உலகுக்கு அறிவித்தனர். குருதியின் உறைவைப் பிளாஸ்மின் கரைத்துவிடாதவாறு அது தடுக்கின்றது. கட்டிய அணையை உடைக்க வருவோரின் மண்வெட்டியைப் பிடித்து வைப்பது போல.

இம்மருந்து தலைக்காயத்திற்கு உதவுமா என்பதை 29 நாடுகளின் 175 வைத்தியசாலைகளில், 12,737 நோயாளிகளிடத்தில் சோதித்தனர். முடிபு 2019 இல் வெளியாயிற்று. மிகக் கடுமையாகக் காயமுற்று, மூளை பெரிதும் சிதைந்தவர்களுக்கு அம்மருந்தாற் பயன் காணப்படவில்லை. ஆனால் இலேசான காயமும் நடுத்தரமான காயமும் உடையோருக்கு, அடிபட்ட மூன்று மணித்தியாலத்துள் கொடுத்தபோது, தலைக்காயத்தால் இறப்போர் தொகை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. நேரம் செல்லச் செல்லப் பயனும் குறைந்தது. கவனியுங்கள்: பிழைக்கக்கூடியவர், நாம் "ஒன்றுமில்லை" என்று வீட்டிற் படுக்கவைக்கும் அந்த இலேசான, நடுத்தரமான காயமுடையவரே! மூன்று மணித்தியாலம் என்பது, என் பாட்டனார் கோயிலுக்குப் போய்வந்து பிரசாதம் உண்டு முடிப்பதற்கு எடுத்த நேரம். இம்மருந்து வைத்தியர் ஆராய்ந்து கொடுக்கவேண்டியது. வீட்டில் வைத்துக் கொடுப்பதன்று. நாம் செய்யக்கூடியது ஒன்றே. நோயாளியைக் காலத்தில் அவரிடம் சேர்த்தல்.

வைத்தியரின் பணியும் எளிதன்று என்பதை உணர்த்த இன்னொன்றும் கூறவேண்டும். முதல் நாளில் குருதி உறையாமல் வருத்தும் அதே நோயாளிக்கு, சில நாள்களில் குருதி மிகுதியாக உறையும் துன்பம் வருகின்றது. ஜேர்மனிய அறிஞர் விர்ச்சோவின் பெயரால் மூன்று காரணங்களைச் சொல்லுவர். குழாய்ச் சுவர் கெடுதல், குருதி ஓட்டம் தேங்குதல், குருதியின் தன்மை மாறுதல் என்பன அவை. அசைவின்றிப் படுத்திருக்கும் தலைக்காய நோயாளியிடம் மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. காலின் ஆழ்நாளத்தில் உறைவு உண்டாகி, அது பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே மோசம். உறையாமல் தடுக்கும் மருந்தை முற்படக் கொடுத்தால் மூளையிற் குருதி பெருகும். பிற்படக் கொடுத்தால் நுரையீரல் அடைபடும். ஆகையால் தலையைச் சி.ரி. ஸ்கேன் படமெடுத்து, கசிவு நின்றதை உறுதி செய்த பின்னரே, நாள் பார்த்து அம்மருந்தைத் தொடங்குவர். கத்தி முனையில் நடக்கும் காரியம் இது. "ஏன் இன்னும் மருந்து கொடுக்கவில்லை?" என்று வார்ட்டில் நின்று தாதிமாரோடு சண்டையிடுபவர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. காலை அசைத்துவிடுமாறும் எழுந்திருக்கப் பழக்குமாறும் அவர்கள் சொல்லும்போது, அதனைச் சிறு விஷயமென்று தள்ளாதிருத்தலும் நன்று.

இனி, வீட்டிற் செய்யவேண்டியவற்றை வாலிபர்கள் மனத்திற் பதிக்கும்படி சுருக்கிச் சொல்லுகின்றேன். அடிபட்டவர் சிறிது நேரமேனும் அறிவிழந்திருந்தால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், தலையிடி வரவர மிகுந்தால், வழக்கமில்லாத தூக்கமோ தடுமாற்றமோ கண்டால், பேச்சுக் குழறினால், கை காலில் ஒரு பக்கம் சோர்ந்தால், வலிப்பு வந்தால், ஒரு கண்ணின் பாவை மற்றையதிலும் பெருத்தால், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிந்தால், ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். முதியவராயின், அல்லது குருதி உறைதலைக் குறைக்கும் மாத்திரை உண்பவராயின், இக்குறிகள் ஒன்றும் இல்லாவிடினும் கொண்டு செல்லுங்கள். வயது சென்றவர்களுக்குக் கசிவு மெல்ல மெல்ல நடந்து, சில வாரங்களின் பின்னும் வெளிப்படுவதுண்டு. அஸ்பிரினும் அதனையொத்த நோவு மாத்திரைகளும் கொடாதீர்கள். உண்ணவும் பருகவும் வற்புறுத்தாதீர்கள். மரத்திலிருந்து விழுந்தவரையும் வாகனத்தில் மோதுண்டவரையும் கழுத்தைத் திருப்பாது, தலையும் உடலும் நேராயிருக்கத் தூக்குங்கள். அடிபட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உண்ணும் மாத்திரைகளையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். நான் கூறியவற்றைக் கேட்டு அஞ்சி, வைத்தியர் கொடுத்த மாத்திரையை நாளையே நிறுத்திவிடாதீர்கள். அம்மாத்திரை என் பாட்டனாரைப் பல ஆண்டு வாழவைத்தது. அவரைக் கெடுத்தது அம்மாத்திரையன்று. விழுந்தபின் எங்கள் தாமதமும், நான் கொடுத்த மற்றைய மாத்திரையுமே.

வாலிபர்களுக்கும் ஒரு சொல். அரேபியாவின் லோறன்ஸ் எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர், 1935 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் திகதி மோட்டார்ச் சைக்கிளிலிருந்து வீழ்ந்து, அறிவு தெளியாமலே ஆறாம் நாள் இறந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவரைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் ஹியூ கெயான்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அம்மரணம் அவர் உள்ளத்தைத் தைத்தது. மோட்டார்ச் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941 இல் எழுத்தில் நிறுவினார். அவ்வாண்டிலேயே பிரித்தானிய இராணுவம் தன் சைக்கிளோட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. பொதுமக்களுக்கான சட்டம் 1973 இலேயே வந்தது. கெயான்ஸ் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரு மரணத்தைப் பார்த்துத் "தலையெழுத்து" என்று சொல்லிப் போகாமல், "இனி எப்படித் தடுப்பது?" என்று கேட்ட மனிதர் அவர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவேண்டுமாயின், முதலில் தலைப்பாகை தலையில் இருக்கவேண்டும். சைக்கிளின் கைபிடியில் தொங்கும் கவசம் யாரைக் காக்கும்?

இத்தகைய அறிவைத் தமிழிற் சொல்லுவது புதுமையன்று. நான் கற்ற மிஷன் பாடசாலையில் வைத்தியர் சாமுவேல் கிறீன் அவர்களைப் பற்றி ஆசிரியர்கள் எடுத்துக் கூறுவார்கள். 1847 இல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து, மானிப்பாயில் நம் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். சமயத்தால் வேறுபட்ட ஒருவர் நம் மொழியில் நமக்கு வைத்தியம் சொல்லித் தந்தார் எனின், நமக்கு நாமே அதனைச் சொல்லிக்கொள்ளத் தயங்குவதேன்? நம் சங்கம் ஆண்டுக்கொரு முறையேனும் முதலுதவி வகுப்பு நடத்தி, வீடுதோறும் ஒருவரைப் பழக்கிவைக்க வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகின்றேன். உடலைப் பேணுவதும் சைவநெறியே என்பது திருமூல நாயனார் நமக்குக் காட்டிய வழி. தலைமாட்டிலிருந்து தேவாரம் பாடுவதற்கு முன், தலைக்காயத்தை வைத்தியரிடம் காட்டுவதும் வழிபாட்டின் பாற்பட்டதே.

இன்றும் வீட்டுக் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை என் நினைவுக்கு வரும். பாசியைச் சுரண்டிச் சிமெந்தைச் சொரசொரப்பாக்கி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் நட்டுவிட்டோம். பாட்டனாருக்கு அது உதவவில்லை, அம்மம்மாவுக்கு உதவுகின்றது. இன்று இதனைக் கேட்டவர்களுள் ஒருவரேனும், ஒரு நாள் ஒரு வீட்டில், "உறங்கட்டும்" என்று விளக்கை அணைக்கப் போகும் கையைத் தடுத்து, "வாகனத்தைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லுவாராயின், என் பேச்சின் பயன் முழுவதும் எனக்குக் கிட்டியதாகக் கொள்வேன்.

 எல்லாம் வல்ல இறைவன் நம் எல்லோரையும் காப்பானாக.